டி டிரைவில் ஒரு நகல்: ஆய்வாளர் அறியவேண்டிய வன்பொருள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வில் சேரும் எவரும் ஆய்வு முறையியல் என்னும் தாளைக் கடந்தே தம் தலைப்புக்குள் நுழைகின்றனர். யுஜிசியின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள் அத்தாளுக்குக் குறைந்தது 4 கிரெடிட்டுகளை ஒதுக்கி, அதில் இடம்பெறத்தக்க பொருள்களுள் ஒன்றாகக் கணினிப் பயன்பாட்டையும் குறிப்பிட்டன. 2022இல் நெறிமுறைகள் மாற்றியமைக்கப்பட்ட பின்னரும் கணினிப் பயன்பாடு என்னும் அலகு பல துறைகளின் பாடத்திட்டத்தில் தொடர்கிறது. அந்த அலகில் கற்பிக்கப்படுவன பெரும்பாலும் இவையே: வேர்டில் அடிக்குறிப்பு இடுதல், எக்செல்லில் சராசரி காணுதல், பவர்பாயின்ட்டில் படம் பொருத்துதல், மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துதல். இவை தேவையானவைதாம். ஆனால் இவை அனைத்தும் திரைக்கு முன்னால் நிகழ்பவை. திரைக்குப் பின்னால் உள்ள பொறியைப் பற்றிய பாடம், கணினியின் தலைமுறைகள் ஐந்து என மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதோடு முடிந்துவிடுகிறது.

இக்குறையின் விலை சிறியதன்று. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தரவு தங்கும் பாகம் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு மெல்லிய பலகை. ஐந்தாண்டுக் கள ஆய்வும் நேர்காணல்களும் பெயர்த்தெழுதிய பனுவல்களும் இயல்களின் வரைவுகளும் சூயிங்கம் பட்டை போன்ற அந்தப் பலகையில் தங்கியிருக்கின்றன. அது ஒருநாள் எந்த முன்னறிவிப்புமின்றி வேலையை நிறுத்திவிடக்கூடும். அந்நாளில் ஆய்வாளரின் வாயிலிருந்து வரும் முதற்சொற்கள் பல வளாகங்களில் ஒன்றுபோலவே இருக்கின்றன: "டி டிரைவில் ஒரு நகல் வைத்திருந்தேனே!" இந்தத் தொடரில் உள்ள பிழை தொழில்நுட்பப் பிழை மட்டுமன்று, சொற்பொருட்பிழையும்கூட. வன்பொருள் அறியாமை பெரும்பாலும் சொற்களில் தொடங்குகிறது என்பதால் சொற்களிலிருந்தே இதைப் பார்ப்பது பொருந்தும்.

முதற்சொல் 'சிபியு'. இந்தியாவின் அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் கொள்முதல் பட்டியல்களிலும் மேசைக்கடியில் நிற்கும் பெட்டி முழுவதற்கும் சிபியு என்றே பெயர். உண்மையில் சிபியு எனப்படும் மையச் செயலகம் அப்பெட்டிக்குள், தாய்ப்பலகையின் மேல், விசிறிக்கும் வெப்பங்கடத்தும் உலோகத்துக்கும் அடியில் மறைந்திருக்கும் தீப்பெட்டி அளவிலான ஒரு சில்லு. பகுதியின் பெயர் முழுமைக்கு ஆகிவருவது மொழியில் இயல்பு. தமிழ் இலக்கண மரபு அதனைச் சினையாகுபெயர் என்று நெடுங்காலத்துக்கு முன்பே வகைப்படுத்தியுள்ளது. ஆகவே வழக்கைக் குறைகூற ஏதுமில்லை. ஆயினும் 'சிபியு பழுது' என்று ஆய்வகப் பதிவேட்டில் எழுதப்படும்போது பழுதானது மின்வழங்கியா, நினைவகமா, வட்டா, வெறும் தளர்ந்த கம்பியா என்ற வேறுபாடு அழிந்துபோகிறது. சில நூறு ரூபாயில் மாற்றத்தக்க ஒரு பாகத்துக்காகப் பெட்டி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. மையச் செயலகம் கணினியின் பாகங்களுள் மிக அரிதாகவே கெடுவது. பழியோ பெயரின் காரணமாக முதலில் அதன்மேல் விழுகிறது.

தமிழில் இக்குழப்பத்துக்கு இன்னோர் அடுக்கும் உண்டு. 'செயலி' என்னும் சொல் பிராசசர் என்பதற்கும் ஆளப்படுகிறது. கைப்பேசியில் நிறுவும் ஆப் என்பதற்கும் ஆளப்படுகிறது. 'செயலி மெதுவாக இயங்குகிறது' என்ற தொடரைப் படிக்கும் மாணவர் சில்லைக் கருதுவதா, நிரலைக் கருதுவதா? ஒன்று விலைகொடுத்து வாங்கும் பொருள். மற்றொன்று நீக்கி மீண்டும் நிறுவத்தக்க எழுத்துத் தொகுதி. கலைச்சொல்லாக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் நிலைத்துவிட்டதால், தமிழ்வழியில் படித்து வரும் மாணவருக்கு வன்பொருள்–மென்பொருள் எல்லையே மங்கலாகிவிடுகிறது.

இரண்டாவது சொல் 'மெமரி'. கைப்பேசி பரவிய காலத்தில் மெமரி கார்டு என்னும் பொருள் வழியாகவே இச்சொல் பெரும்பான்மை இந்தியர்களின் பேச்சில் புகுந்தது. அதனால் 'மெமரி ஃபுல்' என்றால் படங்களும் காணொளிகளும் நிறைந்துவிட்டன என்றே பொருள்கொள்ளப்படுகிறது. கணினியியலில் நினைவகம் என்பது ரேம். சேமிப்பகம் என்பது வேறு. ரேம் ஒரு மேசைப்பரப்பைப் போன்றது: இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் தாள்கள் அதன்மேல் விரிந்து கிடக்கும்; மின்சாரம் நின்ற கணத்தில் மேசை வெறுமையாகிவிடும். சேமிப்பகம் அலமாரியைப் போன்றது: மின்சாரம் இல்லாதபோதும் வைத்தது வைத்தபடி இருக்கும். 'சேவ்' என்னும் கட்டளையின் பொருள் மேசையில் உள்ளதை அலமாரிக்கு மாற்றுதல். சேமிக்காத இயல் மின்தடையில் மறைந்துபோவதும், சேமித்த இயல் மீள்வதும் இந்த ஒரு வேறுபாட்டின் விளைவே.

இவ்வேறுபாட்டை அறிந்தவருக்குப் பணமும் மிஞ்சும். கணினி மெதுவாக இயங்கத் தொடங்கியதும் புதியது வாங்கவேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் பலர் விரைந்து வருகின்றனர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின்றி உதவித்தொகை பெறும் ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் என்ற தொகை பல ஆண்டுகளாக நீடித்துவரும் நிலையில், ஒரு புதிய மடிக்கணினி என்பது பல மாத வாழ்க்கைச் செலவு. வாங்குமுன் ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பகுதியில் நினைவகம் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது, வட்டு எத்தனை விழுக்காடு உழைக்கிறது, வட்டு பழைய ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பன எல்லாம் தெரியும். வழக்கமான வேலையின்போதே நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் குறை ரேமில். வட்டு ஹார்டு டிஸ்க்காக இருந்து, அது நெடுநேரம் 100 விழுக்காட்டில் நின்றால் குறை வட்டில்.

ஹார்டு டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு. அதன்மேல் அசையும் ஊசி போன்ற முனை ஒவ்வொரு துணுக்கையும் தேடிச்சென்று படிக்கிறது. ஒருமுறை தேடுவதற்கு ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகும். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு அதே வேலைக்கு நூறில் ஒரு பங்கு நேரமே தேவை. எனவே ஏழெட்டு ஆண்டுப் பழமையுடைய கணினிகள் பலவற்றில் வட்டை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றினால் அவை இன்னும் சில ஆண்டுகளுக்கு எழுத்துவேலைக்குத் தாராளமாகப் பயன்படும். ரேமைக் கூட்டும்முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது, பின்னர் கூட்ட இயலாது. அத்தகைய கணினியை வாங்கும் நாளிலேயே தேவையான அளவைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். '8 ஜிபியுடன் கூடுதலாக 8 ஜிபி' என்று கைப்பேசி விளம்பரங்களில் வரும் கூடுதல் பகுதி, சேமிப்பகத்தில் ஒரு மூலையை ரேம்போலப் பயன்படுத்தும் ஏற்பாடே. உண்மையான ரேமின் வேகம் அதற்கு இராது.

இங்கேயே ஒரு நாடுதழுவிய வழக்கத்தையும் குறிப்பிடவேண்டும். கணினியைத் திறந்ததும் முகப்புத் திரையில் வலச்சொடுக்கி 'ரெஃப்ரெஷ்' என்பதை நாலைந்து முறை அழுத்துதல் இந்தியக் கணினி ஆய்வகங்களில் ஆசிரியர் வழியாகவே மாணவருக்குக் கைமாறி வந்துள்ளது. அக்கட்டளை திரையிலுள்ள சின்னங்களை மீண்டும் வரையச் செய்வதன்றி வேறொன்றும் செய்வதில்லை. ரேம் அதனால் காலியாவதில்லை. வேகம் கூடுவதும் இல்லை. அது யாருக்கும் தீங்கு செய்யாத சடங்கு. ஆனால் பொறி எப்படி இயங்குகிறது என்ற விளக்கம் கிடைக்காத இடத்தில் சடங்கு வந்து அமர்கிறது என்பதற்கு அது சான்று.

மூன்றாவது சொல்லான 'டிரைவ்' இம்மூன்றிலும் ஆபத்தானது. கணினியைத் திறந்தால் சி டிரைவ், டி டிரைவ் என இரண்டு தனித்தனிப் பெட்டிகள் தோன்றுகின்றன. கடையில் விண்டோஸ் நிறுவுவோர் "சி டிரைவில் எதையும் வைக்காதீர்கள், டி டிரைவில் வையுங்கள்" என்று அறிவுரை கூறுவர். அவ்வறிவுரையில் ஓரளவு உண்மை உண்டு. விண்டோஸ் சிதைந்து அதை மறுபடி நிறுவ நேர்ந்தால் சி பகுதி அழிக்கப்படும், டி பகுதி தப்பும். ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் சியும் டியும் ஒரே பருப்பொருளின் இரு பகுதிகள். ஒரே வயலுக்கு நடுவில் வரப்பு போட்டதுபோல மென்பொருள் வரைந்த கோடு அது. வெள்ளம் வந்தால் வரப்பின் இருபுறமும் மூழ்கும். கணினி திருடுபோனாலும், தண்ணீர் கொட்டினாலும், எஸ்எஸ்டி செத்துப்போனாலும் சியும் டியும் ஒன்றாகவே போகும். எனவே டி டிரைவில் உள்ளது இரண்டாவது நகல் ஆகாது. ஒரே நகலை இரண்டு பெயரால் அழைப்பதே அது.

கொள்ளளவு பற்றிய எண்களும் பயனரை அலைக்கழிப்பவை. 1 டிபி என்று வாங்கிய வட்டு கணினியில் 931 ஜிபி என்று காட்டும்போது கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். உற்பத்தியாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார். விண்டோஸ் 1,024களில் எண்ணிவிட்டு அதே பெயரை இடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியத் தனிப் பெயர்களை அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இலேயே வகுத்தது. வழக்கு அதனை ஏற்கவில்லை. இதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று இருக்கும் இடம் வேறு: மிக மலிவாக விற்கப்படும் 1 டிபி, 2 டிபி பென்டிரைவ்கள் பல, உள்ளே சிறு கொள்ளளவை வைத்துக்கொண்டு கணினியிடம் பெரிய எண்ணைச் சொல்லுமாறு அமைக்கப்பட்டவை. முதலில் இடும் கோப்புகள் சரியாகத் திறக்கும்; உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின் இடுபவை பெயரளவில் மட்டும் இருக்கும். கொள்ளளவு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச நிரல்கள் உள்ளன. எஃப்3 அவற்றுள் ஒன்று. புதிய பென்டிரைவில் தரவை இடுவதற்கு முன் அச்சோதனை நடந்தாக வேண்டும்.

இவ்வளவும் ஏன் ஆய்வுலகின் கவலையாக இருக்கவேண்டும் என்பதற்கு மொழியியலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அந்தமானின் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரோடு பணியாற்றிப் பதிவுசெய்தவை இன்று அம்மொழியின் குரலாக எஞ்சியிருக்கின்றன. இந்தியாவில் அழியும் நிலையில் உள்ள மொழிகளை ஆவணப்படுத்த மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வழியாக 2013 முதல் ஒரு திட்டம் நடைபெற்றுவருகிறது. இத்தகைய பணியில் ஒரு பதிவு தொலைந்தால் மறுபடி போய் எடுத்துவரலாம் என்ற வாய்ப்பே பல நேரங்களில் இல்லை. பேசியவர் இல்லாமற் போயிருக்கலாம், சடங்கு நின்றுபோயிருக்கலாம். வரலாறு, மானிடவியல், நாட்டுப்புறவியல், கல்வெட்டியல் ஆகிய துறைகளுக்கும் இது பொருந்தும்.

அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இரு தடங்களாகப் பதிவாகும் ஒரு மணிநேர ஒலி ஏறத்தாழ 1.04 ஜிபி இடம் கொள்ளும். 100 மணிநேரக் கள ஒலிப்பதிவு 104 ஜிபி அளவில் அடங்கிவிடும். அதனை மூன்று இடங்களில் வைக்க இன்று பெருஞ்செலவு இல்லை. செலவில்லாத ஒன்று ஏன் செய்யப்படவில்லை எனில், செய்யவேண்டும் என்பது யாராலும் சொல்லப்படவில்லை என்பதே விடை.

நகல் காக்கும் முறைக்கு எளிய விதி ஒன்று புழக்கத்தில் உள்ளது: மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் அல்லது வேறொரு கட்டடத்தில். ஒரு மாணவருக்கு இதன் பொருள் மடிக்கணினி, வெளிப்புற வட்டு, இணையவழிச் சேமிப்பு ஆகிய மூன்று. வெளிப்புற வட்டு மடிக்கணினியின் பையிலேயே இருக்குமானால் அது தனி இடமாகாது. பை தொலைந்தால் இரண்டும் தொலையும். வட்டை வாரம் ஒருமுறை இணைத்து நகலெடுத்தபின் பிரித்து வைப்பதே நல்லது. எப்போதும் இணைந்திருக்கும் வட்டைப் பணயத் தீநிரல்களும் சேர்த்தே பூட்டிவிடும்.

இணையவழிச் சேமிப்பைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கணினியிலுள்ள கோப்புறையைக் கூகுள் டிரைவ் போன்ற சேவையோடு ஒத்திசைத்து வைப்பதும் காப்பு நகல் எடுப்பதும் ஒன்றல்ல. ஒத்திசைவு கண்ணாடியைப் போன்றது: இங்கே ஓர் இயல் தவறுதலாக அழிந்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் கிடக்கும். பிறகு அங்கும் இராது. பல்கலைக்கழக மின்னஞ்சலோடு வரும் சேமிப்பிடம் பட்டம் பெற்றபின் மூடப்படக்கூடும் என்பதையும் முன்கூட்டியே எண்ணவேண்டும். ஆய்வேட்டை ஒப்படைத்த கையோடு அத்தரவைச் சொந்தக் கணக்குக்கோ வட்டுக்கோ மாற்றிவிடுதல் நலம்.

எஸ்எஸ்டி பரவியதால் மறைந்துபோன ஒரு பாதுகாப்பும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க் சாகும் முன் பலமுறை 'டிக் டிக்' என ஒலியெழுப்பி எச்சரிக்கும். அழித்த கோப்பையும் பல வேளைகளில் மீட்க முடியும். எஸ்எஸ்டி ஒலியின்றிச் சாகும். அழித்த கோப்பின் இடத்தைப் பின்னணியில் தானே துடைத்து வைக்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆதலால் மீட்பு நிரல்கள் அதில் பெரும்பாலும் பயன்படா. மேலும் புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது. தாய்ப்பலகை கெட்டு, எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கும். அது பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். கணக்கின் கடவுச்சொல்லே நினைவில் இல்லாதவருக்குத் தரவு கண்முன் இருந்தும் இல்லாததே. கணினி நன்றாக இருக்கும் நாளிலேயே அத்திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

எஸ்எஸ்டியோ பென்டிரைவோ அலமாரியில் பூட்டி வைத்துவிட்டால் என்றென்றும் இருக்கும் என்று கருதுவதும் தவறு. இரண்டும் மின்னூட்டமாகவே தரவைத் தாங்குகின்றன. மின் இணைப்பின்றி நெடுங்காலம் கிடந்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். சாதாரணப் பயனருக்கான எஸ்எஸ்டி தன் எழுத்துக்கொள்ளளவை எல்லாம் பயன்படுத்தி முடித்த நிலையிலும் 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைத் தாங்கவேண்டும் என்பதே அத்தொழிலின் தரவரையறை. புதிய சாதனம் அதைவிட மிக நீண்டகாலம் தாங்கும். ஆனால் 40 பாகையைத் தொடும் அறைகளில் பத்தாண்டுக்கான ஆவணக்காப்பை ஒற்றைப் பென்டிரைவை நம்பி அமைப்பது அறிவுடைமை ஆகாது.

வெப்பம், தூசி, மின்கலம் ஆகியவற்றைப் பற்றி அறியவேண்டியவை சிலவே. மடிக்கணினியின் காற்றுத்துளைகள் பெரும்பாலும் அடிப்புறத்தில் இருப்பதால் மெத்தைமேல் வைத்து எழுதினால் காற்றோட்டம் அடைபடும். வெப்பம் மிகுந்தால் மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் மட்டும் கணினி தளர்வதற்குப் பல நேரங்களில் வைரஸ் காரணமன்று. விசிறியில் அடைந்த தூசியே காரணம். லித்தியம் மின்கலம் முழு மின்னேற்றத்தில் வெப்பத்தோடு நெடுநேரம் இருந்தால் விரைவில் மூப்படையும்; மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி பல கணினிகளில் உள்ளது. மின்கலம் உப்பித் தொடுபலகை மேலெழுந்து நின்றால் அதனை அழுத்திச் சமன்செய்ய முயலாமல் உடனே மின் இணைப்பை நீக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லவேண்டும். அது தீப்பற்றக்கூடிய நிலை.

மனிதவியல் ஆய்வாளருக்கு இவையெல்லாம் எதற்கு, இதற்கெனப் பழகியவர்கள் இருக்கின்றனரே என்ற மறுப்பு எழலாம். தில்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. சாலை, மும்பையின் லாமிங்டன் சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் எந்தப் பாகத்தையும் மாற்றித்தரும் கைத்திறன் மிக்கோர் நிறைந்திருப்பது உண்மை. ஆனால் அவர்கள் பொறியை மீட்டுத்தருவர். எடுக்கப்படாத நகலை அவர்களாலும் தர இயலாது. அதோடு, தன் கருவியின் இயல்பை அறிதல் ஆய்வு மரபுக்குப் புறம்பானதன்று. ஓலைச்சுவடியைப் பயன்கொண்டவர் அதனைப் படிக்க மட்டும் கற்றவர் அல்லர். ஏட்டுக்கு எண்ணெய் தடவுதல், மைபூசி எழுத்தைத் துலக்குதல், பூச்சியிலிருந்து காத்தல், இற்றுப்போகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுதல் ஆகிய அனைத்தும் அவர் அறிவின் பகுதியாக இருந்தன. ஓலையின் ஆயுளைக் கடந்து நூல்கள் நிலைத்ததற்குப் பெயர்த்தெழுதியவர்களே காரணம். தரவு தங்கும் பொருள் அழியும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட மரபு அது. வட்டும் அழியும், அதனை ஏற்கும் மனநிலை மட்டும் இன்றைய ஆய்வாளரிடம் இல்லை.

வேறொரு காரணமும் உண்டு. வீட்டில் கணினியோடு வளர்ந்தவர் இவற்றை அண்ணனிடமோ நண்பரிடமோ கேட்டுக் கற்றிருப்பார். முதுகலையில்தான் முதன்முதலாகச் சொந்தக் கணினியைத் தொட்ட முதல் தலைமுறை மாணவருக்கு அந்த வாய்ப்பு இருந்திராது. வகுப்பறையில் கற்பிக்கப்படாத அறிவு எப்போதும் வசதியுள்ளோர் வழியாகவே பரவும். தரவிழப்பின் சுமையும் அதே சமனின்மையோடுதான் விழுகிறது: ஒருவர் மீட்பு நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார், மற்றொருவர் ஆய்வுக்காலத்தை நீட்டிக்கக் கடிதம் எழுதுகிறார். பாடத்திட்டத்தில் இரண்டு வகுப்புகள் சேர்த்தால் குறையக்கூடிய இடைவெளி இது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. கேரளத்தில் அரசு நிறுவனமான கைட், 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திவருகிறது. அங்கே பள்ளி மாணவர்கள் அசைவூட்டம், மின்னணுவியல், மலையாளக் கணிமை ஆகியவற்றோடு வன்பொருளையும் பயில்கின்றனர். பள்ளிச் சிறுவருக்கு இயல்வது முனைவர் பட்ட மாணவருக்கு இயலாததன்று. ஒன்றிய நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022இல் குழு அமைத்து, பின்னர் அதற்கென இணையதளமும் தொடங்கியது. ஆனால் பாகத்தின் பெயரே அறியாத நுகர்வோர் அந்த உரிமையை எப்படிக் கோருவார்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படும் கணினிகளுள் பல, லினக்ஸ் நிறுவினால் ஆய்வேடு எழுதுவதற்கு இன்னும் உதவக்கூடியவை. எந்தக் கணினி உதவும், எது உதவாது என்று பிரித்தறியும் அறிவு துறைகளிடம் இல்லையேல் அனைத்தும் ஒருசேரக் கழிவாகும்.

ஆகவே கோரிக்கை சிறியது. ஆய்வு முறையியல் தாளில் மூன்று மணிநேரம் போதும். முதல் மணியில், கழிவாக அனுப்பப்படக் காத்திருக்கும் ஒரு பழைய கணினியைத் திருப்புளி கொண்டு திறந்து, ஒவ்வொரு மாணவரும் ரேமைக் கழற்றி மாட்டட்டும், வட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். மையச் செயலகம் எது, மின்வழங்கி எது என்று விரலால் சுட்டட்டும். இரண்டாம் மணியில் தத்தம் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எண்களைப் படிக்கட்டும். மூன்றாம் மணியில் ஒரு கோப்பை அழித்துவிட்டுத் தம் காப்பு நகலிலிருந்து மீட்டுக் காட்டட்டும். மீட்டுப் பார்க்காத நகல் நகலென்று நம்பப்படும் ஒன்று மட்டுமே. பலருக்கு அந்த மூன்றாம் மணியே முதற்பாடமாக அமையும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் அரையாண்டுக்கு ஒருமுறை தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்கவேண்டும் என்பது விதி. எத்தனை இயல் முடிந்தது, எந்த ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பப்பட்டது என்ற வினாக்கள் அங்கே தவறாமல் எழுகின்றன. அவற்றோடு இன்னொரு வினாவையும் குழு கேட்கலாம்: தரவின் மூன்று நகல்கள் எங்கே உள்ளன, கடைசியாக எந்நாளில் அவற்றிலிருந்து ஒரு கோப்பு திறந்து பார்க்கப்பட்டது? 'டி டிரைவில்' என்ற விடை வருமானால், அந்த ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறுமுன் ஒரு வெளிப்புற வட்டில் நகல் எடுக்கப்படுவதைக் குழுவே உறுதிசெய்துகொள்ளட்டும்.